வீட்டு ரவுட்டரில் நிலையான ஐபி முகவரி: சேலம், ஏற்காடு வீடுகளுக்கான கேள்வி-பதில்

சேலத்தில் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருப்பது புதிதல்ல. செவ்வாய்ப்பேட்டையில் முன்கட்டில் குடியிருப்பும் பின்கட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையும் இருக்கும். அம்மாபேட்டையில் வாசலை ஒட்டியே தறிக்கூடம் இருக்கும். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டிலேயே விருந்தினருக்கு இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கியிருப்பார்கள். கேமரா, பிரிண்டர், வருகைப் பதிவுக் கருவி, கணக்கு எழுதும் கணினி என எல்லாமே ஒரே ரவுட்டரை நம்பி நிற்கும் இத்தகைய வீடுகளில்தான் "ஸ்டாடிக் ஐபி போட வேண்டும்" என்ற பேச்சு அதிகம் எழுகிறது. அந்தப் பேச்சோடு சேர்ந்து வரும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

ஸ்டாடிக் ஐபி என்றால் என்ன? எல்லோரும் ஒரே பொருளைத்தான் குறிப்பிடுகிறார்களா?

இல்லை. குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. ஐபி முகவரி என்பது வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண். நிலையான ஐபி முகவரி என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது, உங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவிக்கு, அதாவது கேமராப் பதிவுப் பெட்டிக்கோ பிரிண்டருக்கோ, ரவுட்டர் எப்போதும் ஒரே உள் முகவரியைத் தருமாறு செய்வது. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இரண்டாவது, உங்கள் வீட்டு இணைப்பு வெளியுலகத்துக்கு எப்போதும் ஒரே எண்ணில் தெரியுமாறு இணைய நிறுவனத்திடம் கட்டணம் செலுத்திப் பெறுவது.

இவற்றில் முதலாவது ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் பயன்படும்; இரண்டாவது சிலருக்கு மட்டுமே தேவைப்படும், தேவைப்படும் அந்தச் சிலரும் அதைப் பாதுகாப்போடு அமைத்தாக வேண்டும். முதலாவதைச் செய்து முடித்தாலே தீர்ந்துவிடும் சிக்கலுக்காக மாதந்தோறும் இரண்டாவதற்குப் பணம் கட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் முன்னதை உள் முகவரி என்றும் பின்னதை வெளி முகவரி என்றும் குறிப்பிடுகிறோம்.

பட்டறையில் இருக்கும் கேமராவை வெளியூரிலிருந்து செல்போனில் பார்க்க வேண்டும். அதற்கு வெளி முகவரி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். இப்போது விற்கப்படும் பதிவுப் பெட்டிகளில் மிகப் பலவற்றின் மேற்புறத்திலோ அமைப்புத் திரையிலோ ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். தயாரிப்பாளரின் செயலியில் அதை ஸ்கேன் செய்தால், பெட்டி தானாகவே அந்த நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொள்ளும். செல்போனும் அதே சர்வரை அணுகும். சர்வர் இரண்டையும் இணைத்துவைக்கும். உங்கள் வெளி முகவரி தினமும் மாறினாலும் இந்த முறைக்கு எந்தக் குறையும் வராது. கேமரா பார்ப்பது ஒன்றே உங்கள் தேவை என்றால், முதலில் இதைச் சோதித்துப் பார்த்த பிறகே மற்றதை யோசியுங்கள்.

வெளி முகவரி உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் வேறு. வெளியூர் நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரை, அந்த நிறுவனத்தின் ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) குறிப்பிட்ட ஒரு முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே உள்ளே விடும் என்றால் அது தேவை. தறிக்கூடத்தின் கணக்கு உங்கள் வீட்டுக் கணினியிலேயே இருந்து, வெளியிலிருந்து விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் பாதுகாப்பான தனிவழி) வழியாக அதைத் திறக்க விரும்பினால் அது உதவும். பங்குச் சந்தையில் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளும் வழி) வழியாகத் தாமே நிரல் எழுதி ஆர்டர் போடுகிறவர்களுக்கு இப்போது இது ஒரு விதியாகவே வந்திருக்கிறது: 2025 பிப்ரவரியில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கை, அத்தகைய அணுகலைத் தரகு நிறுவனத்திடம் பதிவு செய்யப்பட்ட நிலையான ஐபி முகவரி வழியாகவே அனுமதிக்க வேண்டும் என்கிறது. சேலத்தில் அண்மையில் இதற்காகவே இணைப்பை மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இணைய நிறுவனங்கள் ஏன் எல்லோருக்கும் நிலையான முகவரியைத் தருவதில்லை?

நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கும் ஐபிவி4 வகை முகவரி 32 பிட்டுகளால் ஆனது. ஆகவே உலகம் முழுமைக்கும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 430 கோடி எண்கள்தான் உண்டு. உலக அளவிலான இருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கான இருப்பும் இறுதித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதன் பிறகு வளர்ந்த நிறுவனங்களிடம் வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு ஈடான முகவரிகள் இல்லை. எனவே அவை ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. இதற்கு சிஜிநேட் என்று பெயர். இந்தப் பகிர்வுக்காக 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்களை 2012-இல் தனியாக ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரில் 100-இல் தொடங்கும் இத்தகைய எண் தெரிந்தால், நீங்கள் பகிர்வில் இருக்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து யாரும் நேரடியாக உங்கள் ரவுட்டரை எட்ட முடியாது.

என் இணைப்பு எந்த வகை என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, நிலை காட்டும் பகுதியில் இன்டர்நெட் ஐபி என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் "என் ஐபி முகவரி என்ன" என்று தேடினால் கிடைக்கும் தளம் ஒன்றைத் திறந்து, அது காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குத் தனி வெளி முகவரி வருகிறது. அது நிலையானதா என்று அறிய, ரவுட்டரைச் சில நிமிடங்கள் அணைத்து வைத்துப் பிறகு மீண்டும் பாருங்கள்; எண் மாறியிருந்தால் அது நிலையானதல்ல. இரண்டும் வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் 10, 100.64 முதல் 100.127, 172.16 முதல் 172.31, 192.168 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் எண் தெரிந்தால், உங்களுக்கு முன்னால் இன்னொரு ரவுட்டரோ சிஜிநேட்டோ இருக்கிறது.

நிறுவனத்திடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

மாதக் கட்டணம் என்ன, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேருமா, ஆண்டுக்கு ஒரு முறை கட்டலாமா என்பதை யாரும் கேட்டுக்கொள்வார்கள். கேட்க மறந்துவிடுவது வேறொன்று: அந்த முகவரியை எந்த முறையில் தருகிறீர்கள் என்பதே அது. பிபிபிஓஇ என்ற பயனர்பெயர்-கடவுச்சொல் முறையிலா, நேரடியாக எண்களைப் பதியும் முறையிலா, ரவுட்டரின் மேக் முகவரியோடு (கருவிக்குத் தயாரிப்பாளர் இட்ட அடையாள எண்) பிணைத்துத் தானாகவே தரும் முறையிலா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். வீஎல்ஏஎன் எண் (ஒரே கம்பியில் செல்லும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) ஏதேனும் பதிய வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சில இடங்களில் அது இல்லாமல் இணைப்பே எடுக்காது. தொலைபேசியில் கேட்டதைவிட வாட்ஸ்அப்பில் வந்த செய்தி நல்லது. ஒரு வருடம் கழித்து ரவுட்டர் மாற்றும்போது அதுதான் கைகொடுக்கும்.

அமைப்பை மாற்றத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியது எது?

இப்போது இருக்கும் எல்லாத் திரைகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரில் அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் சேமியுங்கள். பிபிபிஓஇ கடவுச்சொல் திரையில் புள்ளிகளாக மறைந்திருக்கும் என்பதால், அதைத் தனியாகக் கேட்டு எழுதிவைத்துக்கொண்ட பிறகே மாற்றத்தைத் தொடங்க வேண்டும். பின்புறம் இருக்கும் சிறு துளையில் குண்டூசியால் அழுத்தினால் எல்லாம் அழிந்து தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். அதை முதல் மருந்தாகக் கருத வேண்டாம்.

வெளி முகவரியை ரவுட்டரில் எப்படிப் பதிவது?

நேரடியாக எண்களைப் பதியும் முறையை முதலில் பார்ப்போம். நிறுவனம் உங்களுக்கு நான்கு செய்திகளைத் தரும். எடுத்துக்காட்டுகளில் மட்டும் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களைக் கொண்டு சொன்னால், அவை இப்படி இருக்கும்: ஐபி முகவரி 203.0.113.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.252, கேட்வே (வெளியே செல்லும் வாசல்) 203.0.113.9, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) இரண்டு. இந்த மாஸ்க் குறிப்பது நான்கே எண்கள் கொண்ட ஒரு சிறு தொகுப்பு. அதில் 8-இல் முடிவது தொகுப்பின் பெயராகவும் 11-இல் முடிவது பொது அழைப்பாகவும் போய்விடும். மிஞ்சுபவற்றில் 9 நிறுவனத்தின் பக்கம், 10 உங்கள் பக்கம். ஆகவே மாஸ்க்கைப் பழக்கத்தில் 255.255.255.0 என்று பதிந்துவிட்டால் பெரும்பாலான தளங்கள் திறக்கும், ஆனால் அதே வரிசையில் இருக்கும் பிற வாடிக்கையாளர்களின் முகவரிகளை மட்டும் எட்ட முடியாமல் போகும். அத்தகைய அரைகுறைக் கோளாற்றைக் கண்டுபிடிப்பது முழுக் கோளாற்றைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். எண்களைப் பதியும்போதே இரண்டு முறை சரிபாருங்கள்.

ரவுட்டரின் இன்டர்நெட் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வகையை ஸ்டாடிக் ஐபி என்று தேர்ந்து, இந்த நான்கையும் பதிந்து, சேமித்து, ரவுட்டரை ஒரு முறை மீண்டும் தொடங்க வேண்டும். டிஎன்எஸ் இடத்தைக் காலியாக விட்டால் இணைப்பு இருந்தும் எந்தத் தளமும் பெயர் சொல்லித் திறக்காது. நிறுவனம் தந்த டிஎன்எஸ்ஸை முதலாவதாகவும் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்பதை இரண்டாவதாகவும் வைக்கலாம்.

பிபிபிஓஇ முறையில் முகவரி வருகிறது என்றால் இந்த வேலை எதுவுமே கிடையாது. உங்கள் பயனர்பெயரோடு நிறுவனம் தன் பக்கத்திலேயே அந்த எண்ணைப் பிணைத்துவிடும். ரவுட்டரில் இணைப்பு வகையை அப்படியே பிபிபிஓஇ என்று விட்டுவிட வேண்டும். இணைந்த பிறகு மாஸ்க் 255.255.255.255 என்று தெரிந்தால் மிரள வேண்டாம். அந்த முறையில் அது இயல்பானதே. மேக் பிணைப்பு முறையிலும் இதே போலத் தானாகவே பெறும் நிலையில் விட்டுவிட வேண்டும், ஆனால் ரவுட்டரை மாற்றும் நாளில் புதிய மேக் முகவரியை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஸ்டாடிக் என்று தேர்ந்து எண்களைப் பதிந்ததும் இருந்த இணையமும் போய்விட்டது. ஏன்?

மேலே சொன்னதுதான் காரணமாக இருக்கும். நிறுவனம் பிபிபிஓஇ முறையில் தரும் முகவரியை, "ஸ்டாடிக் தானே வாங்கினோம்" என்று ஸ்டாடிக் பக்கத்தில் பதிந்திருப்பீர்கள். இணைப்பு வகையைப் பழைய நிலைக்குத் திருப்பி, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் பதிந்தால் இணையம் திரும்பிவிடும், புதிய முகவரியும் அதோடு வந்துவிடும்.

நிறுவனம் பொருத்திய பெட்டி ஒன்று, நான் வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டு இருக்கின்றன. எதில் அமைக்க வேண்டும்?

சுவரில் ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். அதிலேயே ரவுட்டரும் வைஃபையும் சேர்ந்திருந்தால், அதற்குப் பின்னால் இன்னொரு ரவுட்டரை இணைக்கும்போது, உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கிறது. சாதாரணப் பயன்பாட்டுக்கு அது தெரியாது. வெளி முகவரி வாங்கியவருக்கு உடனே தெரியும். முகவரி ஓஎன்டியிலேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டருக்கு 192.168 என்று தொடங்கும் உள் எண்தான் வரும்.

சரியான வழி, ஓஎன்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேட்பது. அப்போது அது ஒளியை மின்குறிகளாக மாற்றும் வேலையை மட்டும் செய்யும். மற்றவை எல்லாம் உங்கள் ரவுட்டரில் நடக்கும். மாற்றித் தர மறுத்தால், உங்கள் ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றிவிட்டு ஓஎன்டியையே முதன்மையாக வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ரவுட்டராகவே இருக்கட்டும் என்று விடுவதானால், இரண்டின் உள் எண்களும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஒன்று 192.168.1.1 என்றால் மற்றதை 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு முகவரிகளை எப்படி ஒதுக்குவது?

எல்லா வீடுகளும் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். ரவுட்டரில் டிஎச்சிபி என்ற பகுதி இருக்கிறது. ஒரு கருவி இணையும்போது, கைவசம் இருக்கும் எண்களில் ஒன்றை அது குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகத் தருகிறது. மின்சாரம் போய் வந்தால், பல ரவுட்டர்கள் யாருக்கு எதைத் தந்தோம் என்ற கணக்கையே மறந்துவிடும். நேற்றுவரை 192.168.1.5 என்ற எண்ணில் இருந்த பதிவுப் பெட்டி இன்று 192.168.1.8 ஆகிவிடும், 5 என்ற எண்ணைப் பேரனின் டேப்லெட் எடுத்துக்கொண்டிருக்கும். பட்டறைக் கணினியில் கேமரா தெரியவில்லை, பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது, வருகைப் பதிவுக் கருவியிலிருந்து தரவு வரவில்லை என்ற முறையீடுகளில் கணிசமானவற்றுக்கு வேர் இதுவே.

தீர்வு, எண்களைப் பகுதி பிரித்து வைப்பது. ரவுட்டர் 192.168.50.1 என்று இருக்கட்டும். டிஎச்சிபி தானாகத் தரும் எண்களை 192.168.50.100 முதல் 192.168.50.199 வரை என்று குறுக்குங்கள். 2 முதல் 99 வரை உங்கள் கையில் இருக்கும். பதிவுப் பெட்டிக்கு 10, தனித்தனி ஐபி கேமராக்களுக்கு 11 முதல், பிரிண்டருக்கு 20, வருகைப் பதிவுக் கருவிக்கு 30, கணக்குக் கணினிக்கு 40 என்று இடைவெளி விட்டு ஒதுக்கினால், பின்னாளில் கேமரா கூடும்போது வரிசை குலையாது. ஒதுக்கியதை ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்கு அருகிலேயே ஒட்டிவையுங்கள். அதில் கருவியின் பெயர், முகவரி, மேக் எண், எந்தக் கம்பி எந்தத் துளையில் இருக்கிறது என்பவை இருந்தால் போதும். கடவுச்சொல் மட்டும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது.

முதல் மூன்று எண்களாக 192.168.1 அல்லது 192.168.0 என்பதைத் தவிர்த்து 192.168.50 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏராளமான ரவுட்டர்கள் அந்த எண்களோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. நீங்கள் உறவினர் வீட்டு வைஃபையிலிருந்து விபிஎன் வழியாக உங்கள் வீட்டுக்குள் நுழையும்போது, இரண்டு வீடுகளும் ஒரே எண்ணில் இருந்தால் எதை எங்கே அனுப்புவது என்று உங்கள் கணினிக்குத் தெரியாது.

அந்த எண்ணைக் கருவியிலேயே பதிவதா, ரவுட்டரில் பதிவதா?

ரவுட்டரில் பதிவதே நல்லது. முகவரி முன்பதிவு என்ற பொருளில் அங்கே ஒரு பக்கம் இருக்கும். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் பன்னிரண்டு எழுத்து மேக் எண்ணையும் தர வேண்டிய ஐபி எண்ணையும் அங்கே இணைத்துவிட்டால், கருவி தானாகப் பெறும் நிலையிலேயே இருந்துகொண்டு எப்போதும் அதே எண்ணைப் பெறும். எல்லா ஒதுக்கீடுகளும் ஒரே திரையில் தெரிவதால் மோதல் வராது.

பழைய பதிவுப் பெட்டிகள் சிலவற்றில் இந்த முறை ஒத்துவராது. அப்போது பெட்டியிலேயே பதியலாம். அங்கே கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்வே இல்லாவிட்டால் வீட்டுக்குள் படம் நன்றாகத் தெரியும், வெளியிலிருந்து மட்டும் தெரியாது. எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும் என்பதால் தேடுவதற்கு நேரமாகும். மேலே சொன்ன ஒதுக்கீட்டில் கேட்வே 192.168.50.1, மாஸ்க் 255.255.255.0.

செல்போன்களுக்கு முன்பதிவு செய்வதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தம் உண்மையான மேக் எண்ணை மறைத்து வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்திவைத்தால் முன்பதிவு நிலைக்கும்.

வெளி முகவரி கிடைத்துவிட்டது. போர்ட் ஃபார்வர்டிங் செய்து கேமராவைத் திறந்துவிடலாமா?

செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதன் காரணத்தை முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, வெளி முகவரியில் குறிப்பிட்ட ஒரு போர்ட் எண்ணுக்கு (ஒரு வீட்டின் பல கதவுகளில் ஒன்றைப் போன்றது) வரும் எதையும் நேராக உள்ளே இருக்கும் ஒரு கருவிக்கு அனுப்பிவிடுமாறு ரவுட்டருக்குச் சொல்வது. நீங்கள் வருகிறீர்களா, வேறு யாராவது வருகிறார்களா என்று அது பார்ப்பதில்லை. "என் எண் யாருக்குத் தெரியப்போகிறது" என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. ஒரே ஒரு கணினியைக் கொண்டு உலகின் ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-லேயே காட்டிவிட்டார்கள். அதே வேலையைத் தீய நோக்கத்தோடு செய்கிறவர்கள் இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல் பிடித்தது பெரும்பாலும் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் வீட்டு ரவுட்டர்களையும்தான். அதற்குத் தேவைப்பட்டது அறுபதுக்குச் சற்று மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியல் மட்டுமே. அந்தக் கருவிகளின் துணையோடு 2016 அக்டோபர் 21 அன்று ஒரு பெரிய டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே பலரால் மணிக்கணக்கில் திறக்க முடியாமல் போயிற்று. கொலுசுப் பட்டறையின் கேமரா காட்டுவது எடைத் தராசையும் வெள்ளிக் கட்டிகளையும் பூட்டு இருக்கும் இடத்தையும்; அதை அந்நியர் பார்க்கலாம் என்ற நிலையை ஏற்படுத்துவது எந்த வசதிக்கும் ஈடாகாது.

554, 80 போன்ற வழக்கமான போர்ட் எண்ணுக்குப் பதிலாக வேறொரு பெரிய எண்ணை வைப்பது தேடுகிறவரைச் சற்றுத் தாமதப்படுத்தும், தடுக்காது. டிஎம்இசட் என்ற வசதியை இயக்குவது இன்னும் மோசம். அது ஒரு கருவியின் எல்லாப் போர்ட் எண்களையும் ஒருசேரத் திறந்துவிடுகிறது. யூபிஎன்பி என்ற வசதி, உள்ளே இருக்கும் கருவிகள் உங்களைக் கேட்காமலே போர்ட்டுகளைத் திறந்துகொள்ள இடம் தருகிறது என்பதால் அதையும் நிறுத்திவிடுங்கள். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி, கடவுச்சொல் பதியாமலே வைஃபையில் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் பொத்தான் ஆகியவற்றுக்கும் இதே அறிவுரைதான். நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதும் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பதும் வெளி முகவரி இயங்கத் தொடங்கும் அதே நாளில் முடிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வெளி முகவரியைக் கொண்டு உள்ளே வருவது எப்படி?

விபிஎன் வழியாக வரலாம். வயர்கார்டு என்ற விபிஎன் வசதி இப்போது நடுத்தர விலை ரவுட்டர்கள் பலவற்றில் உள்ளடங்கியே வருகிறது. வாங்கும்போதே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரவுட்டரில் அதை இயக்கினால், வழக்கமாக 51820 என்ற ஒரே ஒரு யூடிபி போர்ட் மட்டும் வெளியே கேட்டுக்கொண்டிருக்கும். உரிய சாவி இல்லாமல் வருகிறவருக்கு அது பதிலே தராது என்பதால், தட்டிப் பார்க்கிறவருக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது. உங்கள் செல்போனில் வயர்கார்டு செயலியை நிறுவி, ரவுட்டர் காட்டும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சாவி போனுக்கு வந்துவிடும். பிறகு சென்னையில் இருந்தாலும் 192.168.50.10 என்று பதிவுப் பெட்டியை வீட்டில் இருப்பது போலவே திறக்கலாம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாவி கொடுங்கள். ஒரு போன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் நீக்கினால் போதும்.

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியைத் திறந்தால் வருவதில்லை, ஆனால் வெளியூரில் வேலை செய்கிறது. இது கோளாறா?

கோளாறல்ல. உள்ளிருந்து கிளம்பும் தரவு, ஏற்காட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்புவது போல ரவுட்டரின் வெளி முகம்வரை போய் அங்கேயே திரும்பி உள்ளே வர வேண்டும். சில ரவுட்டர்களுக்கு அப்படித் திருப்பிவிடத் தெரியாது. சோதிப்பதானால் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து சோதியுங்கள்.

ஏற்காட்டில் விருந்தினர் அறைகள் நடத்துகிறோம். நிலையான முகவரி வாங்கிய பிறகு விருந்தினருக்கு வைஃபை தருவதில் கவனிக்க ஏதேனும் உண்டா?

உண்டு. அவர்கள் என்ன செய்தாலும் அது உங்கள் பெயரில் பதிவான முகவரியிலிருந்தே வெளியே போகும். தனி விருந்தினர் வைஃபை அமைப்பதால் இந்த நிலை மாறாது. ஆனால் உங்கள் பதிவுப் பெட்டியையும் கணக்குக் கணினியையும் அவர்கள் எட்ட முடியாதபடி அது பிரித்துவைக்கும் என்பதால் கட்டாயம் அமைக்க வேண்டும். கோடை விழா நடக்கும் மே மாதம் போல அறைகள் நிறையும் நாள்களுக்குப் பிறகு அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அலுவலகத்தின் ஃபயர்வாலில் உங்கள் முகவரியை அனுமதித்து வைத்திருக்கிறார்கள் என்றால், விருந்தினர் இணைப்பும் அதே அனுமதியோடுதான் வெளியே போகிறது. இதை அந்த அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுவதோ, வேலைக்கென்று தனி இணைப்பு வைத்துக்கொள்வதோ முறையானது.

மலையில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. நிலையான முகவரி வாங்கினால் அது நிலைக்குமா?

நிலைக்காது. முகவரி நிலையாக இருப்பதற்கும் இணைப்பு அறுபடாமல் இருப்பதற்கும் தொடர்பில்லை. சேர்வராயன் மலையில் ஃபைபர் பெரும்பாலும் கம்பங்களிலும் மரங்களை ஒட்டியும் வருகிறது. காற்றுக் காலத்தில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தால் போதும். ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. விளக்கு சரியாக இருந்தும் இணைப்பு தடுமாறினால், ஓஎன்டியின் நிலைப் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவைப் பாருங்கள். அது மைனஸ் 27 டிபிஎம் அளவை நெருங்கியிருந்தால் எல்லைக்கு வந்துவிட்டது. மைனஸ் 20 சுற்றி இருந்தால் நிம்மதி. பெட்டிக்கு வரும் மெல்லிய ஃபைபர் கம்பியைச் சுவர் முனையில் மடக்கி ஆணி அடித்திருப்பதும் ஒளியைக் குறைக்கும். சுருட்டி வைப்பதானால் உள்ளங்கை அகல வட்டத்துக்குக் குறையாமல் சுருட்டுங்கள்.

இடி மின்னலுக்குத் தனியாகத் தயாராக வேண்டும். காப்பி பூக்கும் பருவத்துக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மலையில் மின்னல் அதிகம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் கேபிளுக்கு வலுவூட்ட உள்ளே செல்லும் இரும்புக் கம்பியிலும், மின் இணைப்பிலும், வீட்டிலிருந்து குடோனுக்கு வெளிப்புறமாக இழுத்த லேன் கம்பியிலும் பாயும். மூன்றாவதுதான் பல ரவுட்டர்களைப் பழுதாக்குகிறது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கம்பிக்குப் பதிலாக ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஒளியை மின்குறியாகவும் மின்குறியை ஒளியாகவும் மாற்றும் பெட்டி வைத்தால் அந்த வழி அடைபடும். இடி மின்னல் நெருங்கும் முன்பே அடாப்டரையும் வெளிப்புற லேன் கம்பியையும் கழற்றிவிடுவது பழைய வழிதான், இன்றும் அதற்கு ஈடான பாதுகாப்பு இல்லை.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். ரவுட்டருக்கு மட்டும் அதை வைத்துவிட்டு ஓஎன்டியை மறந்துவிடாதீர்கள். இரண்டில் எது அணைந்தாலும் இணையம் போய்விடும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும் ஆம்பியர் அளவும் யுபிஎஸ் தருவதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டுக்கு ஃபைபரே வரவில்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். அதில் ஸ்டாடிக் ஐபி கிடைக்குமா?

சாதாரண சிம்மில் கிடைக்காது. மொபைல் நெட்வொர்க்குகள் சிஜிநேட் வழியாகவே முகவரி தருகின்றன. ஒவ்வொரு முறையும் எண் மாறும் இணைப்புகளுக்கு டைனமிக் டிஎன்எஸ் (மாறும் எண்ணை ஒரு நிலையான பெயரோடு இணைத்து வைக்கும் சேவை) என்ற வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது பகிர்வில் இல்லாத தனி முகவரி உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்படும், சிம்முக்குப் பயன்படாது. உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. வீட்டுக் கருவிகளை வெளியிலிருந்து எட்டினால் போதும் என்றால், டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவை சிஜிநேட்டுக்குப் பின்னாலிருந்தும் இயங்கும். வெளியுலகத்துக்கு ஒரே எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால், மும்பை போன்ற ஊரில் உள்ள தரவு மையத்தில் ஒரு சிறு கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, எஸ்டேட் ரவுட்டரிலிருந்து அதற்கு வயர்கார்டு இணைப்பு வைத்துவிடலாம். சர்வரின் நிலையான முகவரியே உங்கள் முகவரியாகத் தெரியும்.

ஐபிவி6 வந்துவிட்டால் இவையெல்லாம் தேவையில்லை என்கிறார்களே?

ஒரு பகுதி உண்மை. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியில் எண்களுக்குப் பஞ்சமில்லை, வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரி கிடைக்கும். ஆனால் நிறுவனம் தரும் முன்னொட்டு (முகவரியின் முன்பகுதி) மாறக்கூடும். மேலும் நீங்கள் இணைய வேண்டிய ஃபயர்வால் ஐபிவி4 எண்ணை மட்டுமே ஏற்கிறது என்றால் பயனில்லை. ஐபிவி6 இயங்கும் வீட்டில் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்பதை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றுவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால் எம்டியூ அளவை, அதாவது ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவைப் பாருங்கள். ஈதர்நெட்டில் அது 1500. பிபிபிஓஇ தனக்கென்று 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் 1492 என்று இருக்க வேண்டும்.

வீடு மாறினால் அதே முகவரியை எடுத்துச் செல்ல முடியுமா?

முகவரி நிறுவனத்துக்குச் சொந்தமானது. உங்கள் கட்டணம் அதன் பயன்பாட்டுக்கு மட்டுமே. ஊருக்குள்ளேயே அஸ்தம்பட்டியிலிருந்து சூரமங்கலத்துக்கு மாறினாலும், புதிய பகுதி வேறொரு கருவித் தொகுப்பில் இணைந்திருந்தால் எண் மாறலாம். மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். நிறுவனத்தையே மாற்றினால் கட்டாயம் மாறும். அப்போது பழைய எண்ணைப் பதிந்துவைத்திருக்கும் எல்லா இடங்களிலும், அதாவது அலுவலக ஃபயர்வால், தரகு நிறுவனம், செல்போன்களில் உள்ள வயர்கார்டு அமைப்பு ஆகியவற்றில், புதிய எண்ணைப் பதிந்து முடித்து, அவை இயங்குவதைச் சோதித்துப் பார்த்த பிறகே பழைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விட்டுச்சென்ற எண் சில நாள்களில் வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விடும் என்பதால், பழைய எண்ணுக்கு அளித்திருந்த அனுமதிகளை நீக்கும்படியும் அந்தந்த இடங்களில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.